வளவும் மன்றமும்: செட்டிநாட்டுச் சிற்றவை இசையும் தமிழிசை விழாவின் கல்விப் பணியும்

செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் தெருவை ஒட்டித் திண்ணையும் முகப்பும். அதைக் கடந்தால் திறந்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வளவு. திருமணம், சாந்திக் கல்யாணம் என்று நல்ல காரியம் வந்தால் இங்கேதான் ஜமுக்காளம் விரித்துக் கச்சேரி வைத்தார்கள். கண்டனூர், புதுவயல், கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டை ஆகிய ஊர்களில் பெரிய வீடுகளின் கட்டமைப்பே இதற்குத் தோதாக இருந்தது. சுண்ணாம்புச் சாந்து பூசி மெழுகிய சுவரும், தேக்குத் தூணும், ஓடு பாவிய தரையும் சிறு ஒலியையும் வீணாக்காமல் திருப்பித் தந்தன. பாடுகிறவருக்கும் முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்கும் நடுவே சில முழத் தொலைவுதான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு கமகத்தின் அசைவும், மீட்டிய தந்தி ஓய்வதும் கேட்க வேண்டுமானால் அவ்வளவு நெருக்கம் வேண்டியிருந்தது.

ஐரோப்பியர் இத்தகைய இசையை ‘சேம்பர் மியூசிக்’ என்பர். ‘சேம்பர்’ என்றால் அறை. சிலர் மட்டும் சேர்ந்து, ஒவ்வொரு பகுதியையும் ஒருவரே வாசித்து, நடத்துநர் இல்லாமல் ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்யும் இசை அது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழு அதன் முதன்மையான வடிவம். அந்த வடிவத்தை வளர்த்த ஹைடன் 1761 முதல் எஸ்டர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்தின் ஊழியத்தில் இருந்தவர். செல்வர் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய அந்த இசை, பின்னாளில் ஊர்தோறும் ஆண்டு விழாவாகவும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊராருக்கும் கற்பிக்கும் பணியாகவும் விரிந்தது. கர்நாடக இசையின் கச்சேரி இயல்பிலேயே சிற்றவைக்கு உரியது: ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், பின்னால் தம்புரா. ஆகவே செட்டிநாட்டின் கதையும் ஏறக்குறைய அதே வழியில் சென்றது. ஆனால் இங்கே கூடத்திலிருந்து விழாவுக்கும், விழாவிலிருந்து பள்ளிக்கும் நடந்த பயணத்தில் மொழி பற்றிய ஒரு கேள்வி குறுக்கிட்டது. அந்தக் கேள்வியே பயணத்தை விரைவுபடுத்தவும் செய்தது.

சிற்றவை இசையில் செட்டிநாட்டின் பெயரை நிலைநிறுத்தியவர்கள் காரைக்குடி வீணைச் சகோதரர்கள். சுப்பராமையரும் சாம்பசிவையரும் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தைப் பூர்விகமாகக் கொண்ட, தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பத்தில் பிறந்தவர்கள். தந்தை சுப்பையா அய்யரிடமே கற்றார்கள். நகரத்தாரின் ஆதரவில் காரைக்குடியில் தங்கியதால் ஊர்ப்பெயர் அவர்களுக்கு அடையாளமாயிற்று. அண்ணன் வீணையைத் தம்புராவைப் போல நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். தம்பி வழக்கம்போல மடியில் கிடத்தி வாசித்தார். இரண்டு வீணையும் சேர்ந்து ஒரே வீணைபோல ஒலிக்கும் என்று கேட்டவர்கள் வியந்தார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற மேதை அவர்களுக்கு மிருதங்கம் வாசித்தார். தானம் வாசிக்கும்போது மிருதங்கமும் உடன் செல்வது காரைக்குடி மரபின் தனிச்சிறப்பு.

வீணை மெல்லிய ஒலியுடையது. 24 மெட்டுகளும், வாசிக்க நான்கு தந்தியும், தாளத்துக்கு மூன்று தந்தியும் கொண்ட அந்தக் கருவி ஆயிரம் பேர் கூடிய பந்தலில் எடுபடாது. காரைக்குடி மரபு மீட்டுக்கு முதன்மை தந்தது. பாட்டின் சொல் எங்கே விழுகிறதோ அங்கே விரல் தந்தியைத் தொடும். கேட்பவர் சாகித்தியத்தை வீணையிலேயே படித்துக்கொள்ளலாம். இந்த நுட்பம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கே முழுதும் கிட்டும். வளவு தந்த அமைதியும் நெருக்கமும் அந்தப் பாணிக்குப் பொருந்திய சூழலாக அமைந்தன.

காரைக்குடிக்கு அருகில் உள்ள அரியக்குடியில் 1890-இல் பிறந்தவர் இராமானுஜ அய்யங்கார். புதுக்கோட்டை மலையப்பையரிடமும் நாமக்கல் நரசிம்ம அய்யங்காரிடமும், பின்னர் இராமநாதபுரம் பூச்சி சீனிவாச அய்யங்காரிடமும் பயின்றார். இன்று மேடையில் காணும் கச்சேரி முறை, அதாவது வர்ணத்தில் தொடங்கி, சிறு கீர்த்தனைகள் சிலவற்றைக் கடந்து, ஒரு பெரிய உருப்படியில் ஆலாபனை, நிரவல், சுரம், தனி ஆவர்த்தனம் எல்லாம் நிறைந்து, துக்கடாக்களில் முடியும் முறை, அவரால் நிலைபெற்றது. சங்கீத நாடக அகாதெமியின் 1952-ஆம் ஆண்டுக்கான முதல் விருதுகள் நான்கு இசைக்கலைஞர்களுக்குக் கிடைத்தன. வடக்கே அலாவுதீன் கான், முஷ்தாக் உசேன் கான். தெற்கே அரியக்குடி இராமானுஜ அய்யங்கார், காரைக்குடி சாம்பசிவையர். நாட்டின் முதல் நால்வரில் இருவர் சில மைல் இடைவெளியில் உள்ள இரண்டு செட்டிநாட்டு ஊர்களின் பெயரைத் தாங்கியவர்கள். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் சொல்ல வேண்டிய செய்தி இது.

ஆனால் வளவுக் கச்சேரிக்கு ஓர் எல்லை இருந்தது. அழைக்கப்பட்டவரே உள்ளே அமர்ந்தார்கள். அழைப்பில்லாதவர் தெருவில் நின்று கேட்டதுண்டு. கோயில் திருவிழாவில் நாகசுரம் எல்லாருக்கும் பொதுவாக ஒலித்தது. ஓதுவார் பாடிய தேவாரமும் சந்நிதியில் நின்றவர் காதில் விழுந்தது. ஆயினும் கேட்டவர் கற்றுக்கொள்ள வழியில்லை. இசை குருகுலத்திலும் குடும்பத்திலும் அடங்கியிருந்தது. புரவலர் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் கொடை கலைஞரைச் சென்றடைந்ததே தவிர, கற்க விரும்பிய ஊர்ப்பிள்ளையை அடையவில்லை. கொடையின் திசையை மாற்றியதே அடுத்த தலைமுறையின் சாதனை.

அதற்கு முன்னோடி தஞ்சையில் இருந்தார். ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். வித்துவான்களை வரவழைத்து, பாடவும் விவாதிக்கவும் செய்து, முடிவை அச்சிலேற்றும் வழக்கம் அவரிடமிருந்தே வருகிறது. மருத்துவம் செய்து ஈட்டிய பணத்தை இசைக்குச் செலவிட்ட அவரைத் தமிழிசை வரலாறு இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை.

கானாடுகாத்தானில் 1881-இல் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தபோது சிதம்பரத்தில் இசைக்கல்லூரியும் ஏற்பட்டது. கலைஞருக்குச் சன்மானம் தருவது ஒருநாள் நிகழ்ச்சி. கல்லூரி வைத்தால் ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் வருவார்கள். பொன்னையாப் பிள்ளை, டைகர் வரதாச்சாரியார் போன்றவர்கள் அங்கே கற்பித்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் ஈழத்து விபுலாநந்த அடிகள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழைப் பற்றி வரும் செய்திகளைக் கணக்கிட்டுப் பார்த்துப் பழந்தமிழ் இசைமுறையை மீட்க முயன்றவர் அவர். அந்த ஆராய்ச்சி ‘யாழ் நூல்’ ஆக 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அதற்குத் துணைநின்ற கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியாரும் நகரத்தாரே.

இசைக்கல்லூரி நடக்கத் தொடங்கியதும் ஒரு குறை வெளிப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகள் கற்ற பாட்டுகளில் பெரும்பகுதி தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக வந்தது. பொருள் புரியாமல் பாடுவதும் கேட்பதும் இயல்பு என்று ஆகியிருந்தது. 1940-இல் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாட்டுகளை இயற்றவும் பயிற்றவும் பரப்பவும் பல்கலைக்கழகத்துக்கு 10,000 ரூபாய் அளித்தார். 1941 ஆகஸ்டில் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தொடர்ந்து திருச்சி, தேவகோட்டை, மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களிலும் மாநாடுகள் நடந்தன. டி.கே. சிதம்பரநாத முதலியார், இராஜாஜி, கல்கி, ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் ஆதரித்துப் பேசியும் எழுதியும் வந்தார்கள். சென்னை மியூசிக் அகாதெமி எதிர்நிலை எடுத்தது: மொழியை முன்னிட்டு இசையின் தரம் குறையக் கூடாது என்றது.

இந்த விவாதத்தில் இரு தரப்பிலும் உண்மையான அக்கறை இருந்தது. தியாகராசர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் படைப்புகளைத் தமிழ்நாட்டு மண்ணே ஈன்றது. அவற்றை ஒதுக்கச் சொல்வது தகாது. ஆனால் தமிழில் உயர்ந்த உருப்படிகள் இல்லை என்ற கூற்று பிழை. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் மூவரும் தமிழில் கீர்த்தனை இயற்றியவர்கள். மூவரும் சீர்காழி, சிதம்பரம் வட்டாரத்தோடு தொடர்புடையவர்கள். அவர்களுக்கும் முன்னே தேவாரம் இருக்கிறது. கற்பிக்கும் ஏற்பாடு இல்லாததால் அந்தப் பாட்டுகள் மேடைக்கு வரவில்லை. மேடைக்கு வராததால் இல்லை என்று கருதப்பட்டன. மாநாடு கூட்டியவர்கள் இதைச் சரியாகவே உணர்ந்திருந்தார்கள். ஆகவே தீர்மானம் போடுவதோடு நிற்காமல் சுர தாளக் குறிப்புடன் தமிழ்ப் பாட்டு நூல்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரிசையாக அச்சிட்டது. சுரக்குறிப்பு கைக்கு வந்த பிறகு, குருவின் வீட்டில் தங்க வசதியில்லாத ஆசிரியரும் மாணவரும் பாட்டை எடுத்துப் பழக முடிந்தது.

1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜார்ஜ் டவுன் செயின்ட் மேரி மண்டபத்தில் முதல் தமிழிசை விழா நடந்தது. அடுத்த ஆண்டே சங்கம் இசைக்கல்லூரி திறந்தது. 1952-இல் எஸ்பிளனேடில் இராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. அண்ணாமலைச் செட்டியார் 1948-இல் மறைந்தபின் மகன் முத்தையா செட்டியார் பணியைத் தொடர்ந்தார். விழா நடந்த மறு ஆண்டிலேயே கல்லூரி வந்துவிட்டது; பெரிய கட்டடமோ எட்டு ஆண்டு கழித்தே வந்தது. இந்த வரிசை சங்கத்தாரின் எண்ணத்தைக் காட்டுகிறது. பல ஊர்களில் முதலில் கட்டடம் எழுகிறது. பிறகு கற்பிப்பதற்குப் பணம் இருப்பதில்லை.

கல்லூரியின் பயனுக்கு ஒருவர் பெயரே போதும். சீர்காழியில் 1933-இல் பிறந்த கோவிந்தராசன், சென்னைத் தமிழ் இசைக் கல்லூரியில் சேர்ந்து திருப்பாம்புரம் சுவாமிநாதப் பிள்ளையிடம் பயின்று 1949-இல் ‘இசைமணி’ பட்டம் பெற்றார். பின்னர் திரையிலும் மேடையிலும் கோயில்களிலும் அவர் பாடாத தமிழ் இல்லை எனலாம். ஒரு சொல்லும் சிதையாமல் பாடிய அந்தக் குரலின் பின்னால் தமிழைப் பொருளுணர்ந்து பாடப் பழக்கிய ஒரு வகுப்பறை இருந்தது. அதேபோல் திருச்செங்காட்டங்குடி ஓதுவார் குடும்பத்தில் 1908-இல் பிறந்த தண்டபாணி தேசிகர், திரைப்படத்தில் நந்தனாராக நடித்துப் புகழ்பெற்ற பிறகும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இசைத்துறைக்குத் தலைமை ஏற்றுப் பல்லாண்டு கற்பித்தார்.

தமிழ் இசைச் சங்கம் செய்தவற்றுள் ஆழமானது 1949 முதல் விழாக் காலத்தில் நடத்திவரும் பண் (பழந்தமிழ் இராகம்) ஆராய்ச்சி. மாலைக் கச்சேரிக்கு வருகிற கூட்டம் இதற்கு வராது. ஓதுவார்களும் இசைப் புலவர்களும் பேராசிரியர்களும் காலையில் கூடுகிறார்கள். ஒரு பண்ணை எடுத்துக்கொண்டு அதிலமைந்த பதிகத்தை ஓதுவார் தாம் வழிவழியாகக் கற்றபடி பாடுவார். மற்றோர் ஊர் மரபில் வந்தவர் தம் பாடத்தைப் பாடிக் காட்டுவார். எந்தச் சுரம் எங்கே நிற்கிறது, எந்தச் சுரம் அசைகிறது, இன்று வழங்கும் எந்த இராகத்தோடு இது ஒத்துப்போகிறது என்று விவாதம் நடக்கும். இதுவே சிற்றவை இசையின் தூய வடிவம் என்று சொல்லலாம். பத்துப் பேர் ஒருவர் குரலை ஒருவர் கூர்ந்து கேட்கும் இடம் அது.

இந்த ஆராய்ச்சிக்குத் தேவை இருந்தது. தேவாரத்தில் பாடப்பட்டுள்ள பண்கள் இருபதுக்குச் சற்று மேல். அவற்றின் பெயர்கள் ஏட்டில் இருந்தன. ஓசை ஓதுவார் நாவில் மட்டும் இருந்தது. நம்பியாண்டார் நம்பி காலத்திலேயே பண்முறை தெரியாமல் தவித்ததாகவும், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவர் அதை வகுத்துத் தந்ததாகவும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஓதுவார் மரபு நட்டபாடையை நாட்டையாகவும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும், செவ்வழியை யதுகுலகாம்போதியாகவும், கௌசிகத்தைப் பைரவியாகவும் பாடிவருகிறது. இந்த ஒப்பீடுகளில் சில ஐயமற்றவை. சில இன்னும் விவாதத்தில் உள்ளவை. ஆண்டுக்கு ஆண்டு உட்கார்ந்து பேசி, கேட்டதைப் பதிவு செய்ததால், கருத்து வேறுபாடும் காகிதத்தில் நிற்கிறது. தாளமில்லாமல் பாடும் சுத்தாங்கம், தாளத்தோடு பாடும் பண்ணாங்கம் ஆகிய இரு முறைகளையும் கச்சேரிப் பாடகர்கள் ஓதுவாரிடமிருந்து நேரே கேட்க இந்தக் கூட்டம் வழிசெய்தது. கோயிலில் குறைந்த ஊதியத்துக்குப் பாடிவந்த ஓதுவாரை அறிஞர் அவையில் ஆசிரியராக அமர்த்தியது சமுதாயக் கல்வியில் பெரிய காரியம்.

வானொலியின் பங்கையும் சொல்ல வேண்டும். 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய பின் செட்டிநாட்டு ஊர்களுக்கும் வித்துவான்களின் பாட்டு வந்து சேர்ந்தது. வீட்டில் கச்சேரி வைக்க முடியாதவரும் பெட்டியின் முன் உட்கார்ந்து அரியக்குடியைக் கேட்டார்.

குறை இல்லாமல் இல்லை. தமிழிசை விழா சென்னையில் வேரூன்றியதும் அதன் கவனம் தலைநகரத்து டிசம்பர் பருவத்தோடு இணைந்தது. மாநாடு கண்ட சிற்றூர்களில் வகுப்பு நிலைக்கவில்லை. கல்லூரி சிதம்பரத்திலும் சென்னையிலும் இருக்க, பணம் பிறந்த வளவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயின. ஆண்டில் சில நாட்களே வீட்டில் விளக்கெரிகிறது. செட்டிநாட்டிலிருந்து தமிழிசைக்குப் போன கொடையின் அளவுக்குச் செட்டிநாட்டுக்கு இசைக்கல்வி திரும்பி வரவில்லை என்பதே நேர்மையான கணக்கு.

வீணை மரபும் ஊரைவிட்டு வெளியே சென்றே பிழைத்தது. 1930களில் அண்ணன் மறைந்த பின் தனித்து வாசித்த சாம்பசிவையரை ருக்மிணி தேவி தாம் நிறுவிய சென்னைக் கலாக்ஷேத்திரத்துக்கு அழைத்துக்கொண்டார். 1958-இல் மறையும்வரை அங்கே கற்பித்தார். கடுமையான ஆசிரியர் என்று பெயர். சிறு வயதிலேயே அவரிடம் வந்து சேர்ந்த ரங்கநாயகி ராஜகோபாலன் அந்தப் பாணியின் மீட்டை 21-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுவந்தார். குடும்ப வழியினரான ராஜேஸ்வரி பத்மநாபனும் கலாக்ஷேத்திரத்தில் பல தலைமுறை மாணவரை உருவாக்கினார். அவருடைய தம்பி காரைக்குடி சுப்பிரமணியன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு முடித்துத் திரும்பி, 1989-இல் சென்னையில் ‘பிருகத்வனி’யைத் தொடங்கினார். குருகுலத்தில் பல ஆண்டு கேட்டுக் கேட்டுப் பிடிபடுவதைச் சாதாரணப் பள்ளிப் பிள்ளைக்கும் படிப்படியாகக் கற்பிக்க முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. கமகத்தைச் சிறு அசைவுகளாகப் பிரித்துக் குறியிட்டு, குரல், சுரம், தாளம் மூன்றையும் இணைத்துப் பயிற்றும் முறையை அவர் உருவாக்கினார். வளவுக்குள் சிலருக்கென்று இருந்த வீணை, வகுப்பறைக்கு உரியதாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

செட்டிநாட்டிலேயே எஞ்சியிருப்பவை கோயில்களும் அவற்றைச் சார்ந்த இசையும். இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களிலும் அந்தந்த ஊர்ச் சிவன் கோயிலிலும் நாகசுரமும் திருமுறையும் வழிபாட்டின் பகுதிகள். குன்றக்குடியில் ஆதீனம் தமிழ் வழிபாட்டை ஊக்கி வளர்த்தது. காரைக்குடியில் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் திருநாள், அழைப்பும் கட்டணமும் இல்லாமல் ஊரையே இலக்கிய வகுப்பாக்கி, பங்குனியில் காரைக்குடியில் கூடி நாட்டரசன்கோட்டையில் நிறைவுறுகிறது. இசைக்கும் அப்படி ஒன்று இந்த வட்டாரத்தில் வேண்டும் என்று எண்ண அதுவே காரணமாகிறது. அதற்குப் புதுமண்டபம் தேவையில்லை. பூட்டிக் கிடக்கும் வளவுகளில் சில, ஆண்டில் நாலு மாலை திறந்தால் போதும். ஓர் ஓதுவார், ஒரு வீணை, ஒரு மிருதங்கம், ஐம்பது பிள்ளைகள், ஒலிபெருக்கி இல்லாத இரண்டு மணி நேரம். பாட்டுக்கு முன் பண்ணின் பெயரையும் பொருளையும் சொல்லி, பாட்டு முடிந்ததும் பிள்ளைகளைப் பாடச் சொல்ல வேண்டும். கண்டனூரிலும் காரைக்குடியிலும் வீடு வைத்திருப்போர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

கேட்டபின் கற்க விரும்பும் பிள்ளைக்குச் சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றோடு தேவாரம், நாகசுரம், தவில் ஆகியவையும் அங்கே பாடங்கள். படிப்பு மூன்று ஆண்டு. 12 முதல் 25 வயதுக்கு உட்பட்டோர் சேரலாம். தேவாரத்துக்கும் நாகசுரத்துக்கும் தவிலுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும்.